தடித்துச் சாய்ந்த எழுத்து
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆண்டு விழா அழைப்பிதழில், தடித்துச் சாய்ந்த எழுத்தில் இருந்த ‘இசை மணம்’ என்னும் தலைப்பை ஒரு சிறுமி ‘இசை மனம்’ என்று படித்தாள். பொருள் கெடாதது நம் நல்லூழே!

சாய்வெழுத்து விரைந்தெழுதும் கையெழுத்தில் பிறந்தது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூத்தியுஸ் வர்ஜிலின் பாடல்களை முழுவதும் அவ்வெழுத்திலேயே அச்சிட்டார். அது மெல்லியது. அதனைத் தடிக்கச் செய்து கடைவீதிக்குக் கொணர்ந்தது பிற்கால விளம்பரத் தொழில். சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர், 1922இல் வெளிவந்த தமது ‘கூப்பர் பிளாக்’ எழுத்துக்கு 1926இல் சாய்வு வடிவும் தந்தார். நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்துவிடாமல், கைவீச்சுத் தோன்றப் புதிதாகவே வரைந்தார். உருண்டு திரண்ட அவ்வெழுத்து, தொலைவில் செல்வோரையும் கூவியழைக்கும். ஆயின் நாலைந்து சொற்களுக்கு மேல் கண் தாங்காது.

தமிழ் அச்சில் அவ்வாறு தனித்து வளர்ந்த சாய்வு மரபு இல்லை. கணிப்பொறி நேரெழுத்தையே சாய்த்துத் தருகின்றது. உடன் தடிப்பும் சேர்ந்தால் சுழிகளின் வயிறு அடைபடுகின்றது. மூன்று சுழி, இரண்டு சுழி என்றுதானே நம் ஞாயிறு வகுப்புக் குழந்தைகள் ணகர னகரங்களைப் பிரித்தறிகின்றனர்?

ஆதலின், அடுத்த அழைப்பிதழின் தமிழ்த் தலைப்பை நேரெழுத்தில், சுழி தெரியுமளவு பெரிதாக அமைக்குமாறு செயற்குழுவை வேண்டுகின்றோம். ஆங்கிலத் தலைப்பு வேண்டுமாயின் சாய்ந்துகொள்ளட்டும்.