மழையையும் குளத்தையும் மண்ணையும் அளக்கும் உணரிகள்



வானம் பார்த்து விதைப்பதும், குளத்து நீரைப் பார்த்துச் சிறுபோகத்துக்குரிய ஏக்கரைத் தீர்மானிப்பதும் நம் முன்னோர் கண்ட வழக்கம். இன்று அவ்வழக்கத்துக்குத் துணையாக உணரி வலையமைப்பு என்னும் ஏற்பாடு வந்துள்ளது. பரந்த நிலத்திற் பல இடங்களிற் சிறு கருவிகளை நாட்டி, அவை காட்டும் அளவுகளை வானொலி அலை மூலம் ஓரிடத்திற் சேர்ப்பதே இதன் தன்மையாகும்.

ஒரு மழைமானி போதாதா என நீங்கள் வினவலாம். ஒரு வயலில் மழை கொட்ட, ஒரு மைலுக்கு அப்பால் புழுதி பறப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். 25 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் லீற்றர் நீரைத் தருகின்றது. ஆகவே அயலூர் மானியை நம்பி நீர் பாய்ச்சுவது நட்டத்தையே தரும்.

வெள்ளக் காலத்திலோ இதன் அவசியம் இன்னும் பெரிது. 2018 டிசம்பரிற் பெய்த கடும் மழையால் இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளும் வயல்களும் வெள்ளத்தில் மூழ்கின. இக்குளத்துக்கு நீர் கொணர்வது கனகராயன் ஆறு. ஆற்றின் மேற்பகுதியிற் பெய்யும் மழை குளத்தை அடையச் சில மணி நேரம் செல்லும். மேற்பகுதியிற் பல மானிகள் இருந்து உடனுக்குடன் அறிவிக்குமாயின், அந்நேரம் கீழே வாழ்வோருக்கு மாடு கன்றுகளையும் விதைநெல்லையும் மேட்டுக்குக் கொண்டுசெல்ல உதவும்.

இக்கருவிகளின் இயக்கம் எளிது. மழைமானியினுள் இரு சிறு கிண்ணங்கள் துலாவைப்போல் அமைந்துள்ளன. குறித்த அளவு மழை, பல மானிகளில் 0.2 மில்லிமீற்றர், நிரம்பியதும் ஒன்று சரிய, மற்றையது நிமிரும், சரிவுகள் எண்ணப்படும். மண் ஈரத்தை அளக்கும் உணரி, ஈரமண்ணும் உலர்மண்ணும் மின்னைத் தாங்குவதிலுள்ள வேறுபாட்டைக் காண்கின்றது. கருவி பெரும்பாலும் உறங்கிக் கிடந்து, குறித்த வேளையில் மட்டும் விழித்துச் செய்தி அனுப்பும்; ஆதலாற் சிறிய மின்கலமும் சூரியத் தகடும் போதுமானவை.

நூற்றுக்கணக்கான கருவிகளை நாட்டுவதிலும் அவற்றைப் பேணுவதே கடினம். ஆகவே பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்:

1. மரம், கட்டிடம் முதலியவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது விலக்கி மழைமானியை வைக்க.

2. இலையும் எறும்பும் சிலந்தி வலையும் புனலை அடைக்கும். அடைபட்ட மானி "மழை இல்லை" என்றே கூறும். சுற்றியுள்ள மானிகள் மழை காட்டும்போது ஒன்று மட்டும் பூச்சியம் காட்டுமாயின், அதனை ஐயுறுக.

3. மண் உணரியைச் சுற்றி வெற்றிடம் விடாது மண்ணை இறுக்குக. களிமண்ணும் மணலும் வெவ்வேறு அளவு காட்டுமாதலால், உங்கள் மண்ணுக்கேற்பக் கருவியைச் சரிபார்ப்பித்துக் கொள்க.

4. கருவித் தூணில் மாடு கட்டாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். இடம் மாறிய கருவியின் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒவ்வா.

கருவிகள் இல்லாத ஊரிலும் வாளாவிருத்தல் வேண்டா. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரப் பேணியொன்றை வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதன் நீராழத்தை அளந்து எழுதி, பின் வெறுமையாக்குக. பத்துப் பேர் பத்து இடங்களில் இவ்வாறு செய்தால், அதுவும் ஒரு வலையமைப்பே.

முடிவு செய்வது கருவியன்று, நீங்களே. அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு உங்கள் மழைக் கணக்குடன் வருமாறு வேண்டிக்கொள்கின்றோம்.