கம்பியில்லா கீபோர்டும் மவுஸும்: வாங்கும் முன் கொஞ்சம் யோசிப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



முதலில் எங்க குழுவில் நடந்ததைச் சொல்லிடுறோம். சேமிப்பு, கடன் கணக்குப் போட ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, கணக்கு எழுதும் தங்கச்சி வீட்டில் வைத்திருந்தோம். கீபோர்டு கம்பியை எலி கடிச்சிட்டுது. கடைக்காரர், "இனிமே கம்பியே வேண்டாம்மா, வயர்லெஸ் செட் எடுத்துக்குங்க" என்றார். 1,250 ரூபாய் கொடுத்து வாங்கினோம். நல்லாத்தான் ஓடியது.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது கம்ப்யூட்டரை நகர்த்தினார்கள். பின்னால் குத்தியிருந்த நகம் அளவு துண்டு ஒன்று கீழே விழுந்து, குப்பையோடு குப்பையாகப் போயிட்டுது. அது என்னன்னு எங்களில் யாருக்கும் தெரியாது. மறுநாள் வங்கியில் கணக்குக் கொடுக்கணும். கீபோர்டும் வேலை செய்யலை, மவுஸும் நகரலை. இரண்டு தடவை செல் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ராத்திரி பதினோரு மணி வரை நாலு பேர் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தையும் பேரேட்டையும் வைத்துக் கையாலேயே எழுதி முடித்தோம்.

அந்தச் சின்னத் துண்டுக்குப் பேர் ரிசீவர். நாம் எழுத்தைத் தட்டினால் கீபோர்டு அதை வானொலி அலையாக அனுப்புது. ரிசீவர் அதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் கொடுக்குது. வைஃபை ஓடுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான். பெரும்பாலான செட்களில் அந்த ரிசீவர் அந்தக் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும்தான் ஜோடி. பக்கத்து வீட்டு ரிசீவரைக் கொண்டுவந்து குத்தினால் பேசாது. எங்க 1,250 ரூபாய் அப்படித்தான் வீணாச்சு. சில கம்பெனி செட்டுக்கு மட்டும் ரிசீவர் தனியாக வாங்கி ஜோடி சேர்க்க முடியும். லாஜிடெக் 2009-ல் கொண்டுவந்த யூனிஃபையிங் ரிசீவர் அப்படிப்பட்டது, ஒன்றிலேயே ஆறு கருவிகள் வரை சேர்க்கலாம். தனி ரிசீவர் கிடைக்குமான்னு கடையில் முதல் கேள்வியாகக் கேளுங்க. பல மவுஸ்களில் செல் போடுகிற மூடிக்குள்ளேயே ரிசீவரை வைக்க ஒரு குழி இருக்கும். கம்ப்யூட்டரை நகர்த்துவதற்கு முன் கழற்றி அதில் வைத்துவிடுங்க. புளூடூத் வகைக்கு இந்தத் துண்டே வேண்டாம். ஆனால் பழைய கம்ப்யூட்டர் நிறைய பேருடையதில் புளூடூத் இருக்காது, பார்த்து வாங்கணும்.

வேலை செய்யலைன்னா உடனே கடைக்கு ஓட வேண்டாம். அடியில் இருக்கும் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. (சிரிக்காதீங்க, எங்களில் பாதிப்பேர் அதை மறந்தவங்கதான்.) அப்புறம் செல். நிறைய செட்களுக்குக் கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன செல்தான். லீவு நாளில் ரொம்ப நாள் சும்மா கிடந்தால் செல்லை எடுத்துவிடுங்க, கசிந்து உள்ளே உப்புப் பூத்துவிடும். ரிசீவரைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் குத்தியிருந்து எழுத்து விட்டு விட்டு வந்தால், முன்பக்கம் மாற்றிக் குத்துங்க. நீல நிற யு.எஸ்.பி. ஓட்டையில் பென் டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால் அதன் அருகிலிருந்து தள்ளி வையுங்க. அந்த வகை இணைப்பு இதே அலையில் இரைச்சல் போடும் என்று 2012-லேயே இன்டெல் எழுதியிருக்கு. கண்ணாடி மேசையில் மவுஸ் ஓடாவிட்டால் ஒரு பழைய நோட்டு அட்டை போதும்.

இப்போ முக்கியமான விஷயம். 2016-ல் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம் விலை மலிவான சில வயர்லெஸ் கீபோர்டுகளைச் சோதித்தது. புளூடூத் அல்லாத அந்த வகையில் பல கம்பெனிகளின் மாடல்கள் தட்டும் எழுத்தைப் பூட்டுப் போடாமல் அப்படியே காற்றில் அனுப்புவது தெரிந்தது. 250 அடி தூரத்தில் இருந்துகூட ஒருவர் கருவி வைத்து அதைப் பிடிக்க முடியும். நம்ம ஊர்த் தெருவில் யாரும் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லலை. ஆனால் வங்கிப் பாஸ்வேர்டை நாம் தட்டுவது குழுப் பணத்துக்காக. அது இருபது பேருடைய சேமிப்பு. பெட்டியில் 'என்கிரிப்ஷன்' அல்லது 'ஏ.இ.எஸ்.' என்று போட்டிருக்கான்னு பாருங்க. ஒண்ணும் போடாத மலிவு செட்டில் பாஸ்வேர்டு தட்ட வேண்டாம்.

எங்க குழு முடிவு இதுதான். கணக்குக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கம்பி வைத்த செட்டே வாங்கினோம். எலிக்குப் பயந்து கம்பியைப் பழைய பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டிருக்கோம். தோள் வலி இருக்கிற அக்காமார், மேசை சின்னதாக இருக்கிறவங்க, பிள்ளைங்க பாடம் பார்க்கிற வீடு, இவங்களுக்கு வயர்லெஸ் நிஜமாவே சௌகரியம். மடியில் வைத்துத் தட்டலாம். வேண்டாம்னு நாங்க சொல்லமாட்டோம்.

தமிழ் எழுத்து இல்லாத கீபோர்டு எப்படின்னு ஒரு சகோதரி கேட்டாங்க. தமிழ் 99 முறை கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, கீபோர்டில் இல்லை. எது வாங்கினாலும் தமிழ் வரும். எழுத்து ஒட்டும் ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்குது.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு செட்டையும் மேசையில் வைத்திருப்போம். வந்து கழற்றி மாட்டிப் பாருங்க. ரிசீவரை மட்டும் கையோடு எடுத்துப் போயிடாதீங்க.