விளம்பரமா, விற்பனையா?



இணையத்தில் காணொளி வெளியிட்டு, விளம்பர வருவாயால் வாழலாமென நம் பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர். அவ்வருவாய்க்கு விதி வகுப்போர் நாமல்லர். 2018-இல் யூடியூப் நிறுவனம், ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் பெறாத சிறு அலைவரிசைகளுக்கு விளம்பர வருவாயை நிறுத்தியது. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதில் திரட்டிய பார்வையாளரை நம்மவர் ஒருசேர இழந்தனர்.

1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய இதழ் தன் விலையையே பெயராகக் கொண்டது: 'ஒரு பைசாத் தமிழன்'. வாங்குவோரை நம்பிய பெயர் அது.

நாமும் சுங்குடிச் சேலை போன்று அஞ்சலில் அனுப்பத்தக்க பொருளை விற்கக் கற்போம். வாங்கியவர் முகவரி நம் ஏட்டில் இருக்கும். தளம் மூடினும் அவரை மீண்டும் அணுகலாம். விளம்பரப் பணம் உபரியாகட்டும். அதனை நம்பி உலை வைக்க வேண்டா.