மூச்சுத் திணறல் கூடுகிறதா? காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்

"வயசாயிடுச்சு, அதான் மூச்சு வாங்குது" என்பது நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. மாடிப்படி ஏறினால் இளைப்பு, சந்தைக்குப் போய் வந்தால் இளைப்பு, காலையில் எழுந்ததும் சளியோடு இருமல். இதை வயதின் தலையில் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் நம்மவர்களில் ஏராளம். அவர்களில் பலருக்கு இருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேரை இந்நோய் பலி கொண்டது.

இதற்கு முதல் காரணம் புகைபிடித்தல். சிகரெட் மட்டுமல்ல, பீடியும் சுருட்டும் இதில் சேரும். ஆனால் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. தோட்டப்புற லயங்களில் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்த காலத்தை மூத்த தலைமுறை மறந்திருக்காது. அந்தப் புகையும் நுரையீரலில்தான் போய்ச் சேர்ந்தது.

நோயை முழுவதுமாகக் குணப்படுத்த மருந்து இல்லை. கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியும். இங்கே கவனிக்க வேண்டியது, நோய் திடீரென்று முற்றும் நாள்கள்தான். சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தவர் ஓரிரு நாளில் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போகிறார். சளி கூடுகிறது, அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறது. இப்படி ஒருமுறை வந்தால் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகலாம். சிலர் முழுமையாகத் திரும்புவதே இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பும் அதிகம். ஆகவே, எது இதைத் தூண்டிவிடுகிறது என்று கண்டுபிடிப்பது மருந்து சாப்பிடுவதற்குச் சமமான வேலை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். மூச்சு மோசமான நாள், நேரம், அதற்கு முந்திய ஒரு நாளில் எங்கே போனார், வீட்டில் என்ன எரிந்தது, யாருக்குச் சளிக் காய்ச்சல் இருந்தது, மருந்து தவறியதா என்று எழுதி வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் காரணம் புலப்படத் தொடங்கும்.

ஓர் உதாரணத்துக்கு, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வாரக் கடைசியில் அவருக்கு மூச்சு இழுக்கிறது. ஐஸ் தண்ணீர்தான் காரணம், வாழைப்பழம்தான் காரணம் என்று வீட்டில் ஆளுக்கொரு பழி. மகள் எழுதி வைத்த நோட்டில் வேறொன்று தெரிகிறது.

"அப்பா, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுற அன்னிக்குத்தான் உங்களுக்கு இழுக்குது."

"சாமிக்குப் போடுறதால வருமா? போம்மா."

அவர் சொல்வதில் உள்ள பக்தியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நுரையீரலுக்குச் சாமி புகை, சிகரெட் புகை என்ற வேறுபாடு தெரியாது. விளக்கும் பூவும் வைத்து வணங்கினால் வழிபாட்டில் குறை வந்துவிடப் போவதில்லை. சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால், நோயாளி வீட்டில் இல்லாத நேரத்தில், கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துப் போடலாம். தீபாவளிப் பட்டாசுக்கும் இது பொருந்தும். பக்கத்து வீட்டில் காகிதத் தாள் எரித்து வழிபடும் நாள்களில் நோயாளியைப் பின்னறையில் இருக்கச் சொல்வது நல்லது.

சாம்பிராணி வாரம் ஒருமுறை. கொசுவத்திச் சுருளோ தினமும், அதுவும் மூடிய படுக்கையறையில், விடிய விடிய. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று கண்டது. டிங்கி பயம் இருக்கும் நாட்டில் கொசுவை விட்டுவிடவும் முடியாதுதான். கொசுவலை, ஜன்னல் வலை, காற்றாடி, பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவது என்று புகையில்லாத வழிகள் உள்ளன. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவு முழுவதும் சுருள் எரிப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

சமையலறையில் காய்ந்த மிளகாய் வறுக்கும் நெடி, கழிவறை கழுவும் பிளீச் வாசனை, வாசனைத் தெளிப்பான் ஆகியவையும் சிலரைத் தூண்டிவிடும். எல்லாருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. அதனால்தான் நோட்டு தேவைப்படுகிறது.

வெளியே என்றால் புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் அது 746ஐத் தொட்டது. குறியீடு 101ஐ எட்டினாலே ஆரோக்கியமற்ற நிலை. திடகாத்திரமானவர்கள் 200 வரை பொறுத்துக்கொள்ளலாம். நுரையீரல் நோயாளி அதுவரை காத்திருக்கக் கூடாது. காலை நடையை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பதே நலம். சாதாரண முகக்கவசம் நுண்துகளைச் சரிவரத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் சில நோயாளிகளுக்கு அதை அணிந்து மூச்சுவிடுவதே சிரமம். டாக்டரைக் கேட்டுவிட்டு அணியலாம். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவத்தி கொளுத்தும் வீடுகளை என்ன சொல்வது!

இத்தனை சொன்னாலும், நோய் முற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் கிருமித் தொற்றுதான். பேரப்பிள்ளைக்கு வந்த சாதாரணச் சளி, தாத்தாவை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு மூன்று நாள் தள்ளி இருக்கச் சொல்வதில் பாசம் குறைந்துவிடாது. கை கழுவும் பழக்கமும் உதவும். ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்வது பற்றிக் கிளினிக்கில் கேட்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒரு வார்த்தை. "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று தினசரி இன்ஹேலரை நிறுத்துவது, மூச்சை உள்ளிழுக்கும் முன்பே அழுத்தி வாய்க்குள் வீணாக்குவது இரண்டும் சகஜம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் சென்று, தாதியின் முன் ஒருமுறை இழுத்துக் காட்டலாம். தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். போன முறை மிஞ்சிய ஆண்டிபயாட்டிக் மாத்திரையைத் தானாக எடுத்து விழுங்குவது மட்டும் வேண்டாம்.

சளியின் நிறம் மாறினால், வழக்கத்தைவிட இளைப்பு கூடினால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பேச்சில் குழப்பமும் அசாதாரணத் தூக்கமும் தெரிந்தாலோ, மகன் வேலை முடிந்து காரைக் கொண்டு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரைப் படுக்க வைக்காமல், முன்பக்கம் சற்றுச் சாய்ந்தவாறு உட்கார வைத்து, அவர் பயன்படுத்தும் மருந்துகளையும் அந்த நோட்டையும் ஒரு பையில் எடுத்து வைத்துவிட வேண்டும்.