உதவி வாங்குபவர் எல்லாரும் சந்தேக நபர்களா?

(லண்டன் தமிழ் உறவுகள் கலந்துகொண்ட எமது கட்சிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். வாசித்துவிட்டு, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.)



கொஞ்ச நாளாக எங்கட சனத்துக்குள்ள ஒரு கதை ஓடுது. "கவர்மென்ட் பாங்குக்குள்ள பூந்து பாக்குதாம், காசை எடுத்து வீட்டில வையுங்கோ" எண்டு வாட்ஸ்அப்பில குரல் பதிவு வருது. இன்னொரு பக்கம், "அதெல்லாம் சும்மா கதை, ஒண்டும் நடக்காது" எண்டும் சொல்லுறாங்கள். இரண்டும் பிழை. ஆகவே இன்றைக்கு முதலில் உண்மை என்னவென்று பார்ப்போம். பிறகு நாங்கள் ஏன் இதை எதிர்க்கிறோம் என்று சொல்கிறேன்.

2023 நவம்பரில் அப்போதைய கன்சர்வேட்டிவ் அரசு இந்த யோசனையைக் கொண்டுவந்தது. 2024 தேர்தல் வந்ததால் அந்த மசோதா அப்படியே செத்துப் போனது. ஆட்சி மாறியது, யோசனை மாறவில்லை. தொழிற்கட்சி அரசு 2025 ஜனவரியில் புதிய மசோதாவாக அதை மீண்டும் கொண்டுவந்தது. 2025 டிசம்பரில் அரச ஒப்புதல் கிடைத்து அது சட்டமாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், இ.எஸ்.ஏ. ஆகிய மூன்று உதவிகளில் ஒன்று உங்கள் கணக்குக்கு வந்தால், அந்தக் கணக்கையும் அதே வங்கியில் உங்களுக்கு உள்ள மற்றக் கணக்குகளையும் வங்கியே சரிபார்க்க வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம். சேமிப்பு வரம்பு தாண்டியிருக்கிறதா, அனுமதித்த காலத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிறீர்களா என்பது போன்ற அடையாளங்கள் தெரிந்தால், வங்கி உங்கள் விபரத்தை டி.டபிள்யூ.பி.க்கு அனுப்பும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் எந்தக் கடையில் மரக்கறி வாங்கினீர்கள், கோயிலுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற விபரங்களை வங்கி அனுப்பக் கூடாது. சட்டமே அதைத் தடுக்கிறது. சாதாரண அரச ஓய்வூதியம் இதற்குள் வராது. கடைசி முடிவை ஒரு மனிதர்தான் எடுப்பார் என்றும் அரசு சொல்கிறது. ஆகவே இல்லாததைச் சொல்லி யாரையும் பயப்படுத்த வேண்டாம். உள்ளதே போதுமான அளவு பெரியது.

என்ன பெரியது? இதுவரைக்கும் ஒருவர் மேல் நியாயமான சந்தேகம் இருந்தால், அவருடைய வங்கி விபரத்தை டி.டபிள்யூ.பி. கேட்க முடிந்தது. அந்த அதிகாரம் எப்போதோ இருக்கிறது. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. களவு எடுத்தவனைப் பிடிக்கத்தான் வேண்டும். இப்போது நடந்திருப்பது வேறு. சந்தேகம் தேவையில்லை. நீங்கள் உதவி வாங்குகிறீர்கள், அதுவே போதும். யுனிவர்சல் கிரெடிட் மட்டும் சுமார் 8 மில்லியன் பேர் வாங்குகிறார்கள். அதில் பெருந்தொகையானோர் வேலைக்குப் போகிறவர்கள். கடையில் நிற்கிறவர், பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்கிறவர், டெலிவரி ஓடுகிறவர். ஒரு பிழையும் செய்யாத இவர்கள் எல்லாரையும் ஒரே வலையில் போட்டு அலசுவதுதான் இந்தச் சட்டம்.

சரி, மடியில் கனம் இல்லையென்றால் வழியில் என்ன பயம் என்று கேட்பீர்கள். எங்கட வாழ்க்கையை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

எங்கட ஆக்கள் சீட்டுப் பிடிப்பார்கள். இருபது பேரின் சீட்டுக் காசு ஒரு அக்காவின் கணக்கில் இரண்டு நாள் நிற்கும். ஊரில் காணி வித்த காசு அண்ணன் தம்பி எல்லாருக்கும் பிரிக்கிறதுக்காக ஒருவர் கணக்கில் வந்து கிடக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று மகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கு திறந்திருப்போம். யுனிவர்சல் கிரெடிட்டுக்கு சேமிப்பு வரம்பு 16,000 பவுண்ஸ். அந்தக் காசு யாருடையது, ஏன் வந்தது என்று வங்கிக் கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தொகை மட்டும்தான். விளக்க வேண்டியது நீங்கள். அதுவும் ஆங்கிலத்தில், தவணைக்குள்.

அந்த 16,000 என்ற எல்லை 2006-இல் வைத்தது. அன்றைய வீட்டு வாடகை என்ன, இன்றைய வாடகை என்ன? விலை எல்லாம் ஏறியது, அந்த எல்லை மட்டும் ஒரு பவுண்ஸ் ஏறவில்லை.

அடுத்தது ஊருக்குப் போவது. யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்குக் கடுமை என்று போன் வரும். உடனே பறப்போம். செத்தவீடு முடிந்து எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று நாள் ஓடிவிடும். யுனிவர்சல் கிரெடிட்டில் பொதுவாக ஒரு மாதம்தான் வெளிநாட்டில் நிற்கலாம். நெருங்கிய உறவின் மரணம் என்றால் இன்னொரு மாதம் நீட்டிக்க இடம் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இயந்திரத்தின் கண்ணுக்கு நீங்கள் ஏமாற்றுக்காரர்.

"பிழை வந்தால் திருத்துவார்கள்தானே" என்கிறார்கள். இந்த நாட்டின் பழைய கணக்கைப் பார்ப்போம்.

கெயரர்ஸ் அலவன்ஸ். நோயாளியைப் பார்க்கிறவர் 2024-25-இல் வாரம் 151 பவுண்ஸ் வரை உழைக்கலாம். ஒரு பென்ஸ் கூடினாலும் அந்த வாரத்து 81.90 பவுண்ஸ் முழுவதும் போய்விடும். வருடம் முழுக்க வாரம் ஒரு பென்ஸ் கூட உழைத்தவர் 52 பென்ஸுக்காக 4,258 பவுண்ஸ் திருப்பிக் கட்ட வேண்டும்! இப்படி 134,000க்கு மேற்பட்ட பராமரிப்பாளர்கள் 250 மில்லியன் பவுண்ஸுக்கு மேல் கடனாளியானது 2024-இல் வெளியே வந்தது. வருமானம் கூடியது துறைக்குத் தெரியாதா? தெரியும். வரித்துறையிடம் இருந்து எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அதில் ஏறத்தாழ பாதியைப் பார்க்கவே இல்லை. தரவு கையில் இருந்தும் மக்களைக் காப்பாற்றவில்லை. கடன் மலையாகிய பிறகு கடிதம் மட்டும் வந்தது.

சைல்ட் பெனிபிட். 2025-இல் பயணத் தரவை வைத்து சுமார் 23,500 குடும்பங்களின் காசை நிறுத்தினார்கள். வெளிநாடு போனது பதிவில் இருந்தது, திரும்பி வந்தது இல்லை. பெல்பாஸ்டில் இருந்து பறந்து டப்ளின் வழியாக வீடு வந்தவர்கள்கூட நாட்டை விட்டு ஓடிப்போனவர்கள் ஆனார்கள். ஆயிரக்கணக்கானோர் தகுதியுள்ளவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் பிள்ளைக்குப் பால்மா வாங்குகிற காசு நின்ற கிழமைகளை யார் திருப்பித் தருவது?

தபாலகங்களின் ஹொரைசன் கணினி செய்த கொடுமையை இங்கே சொல்லவே தேவையில்லை. "கணினி சொன்னால் சரி" என்ற ஒரு வார்த்தையால் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளி ஆக்கப்பட்டார்கள்.

இப்போது காசுக் கணக்கு. இந்தச் சட்டம் முழுவதாலும் ஐந்து வருடத்தில் 1.5 பில்லியன் பவுண்ஸ் மிச்சம் என்பது அரசு சொல்லும் தொகை. அதாவது வருடத்துக்கு சராசரியாக 300 மில்லியன். 2023-24-இல் கட்டப்படாமல் போன வரி 46.8 பில்லியன் என்று வரித்துறையே சொல்கிறது. பெரிய கணக்குகளை அலச இவ்வளவு அவசரம் இல்லை. பென்ஷன் கிரெடிட் வாங்குகிற ஆச்சியின் கணக்கைப் பார்க்கத்தான் அவசரம்.

அந்த ஆச்சியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியுள்ள மூன்று பேரில் ஒருவர் அதை இப்போதே வாங்குவதில்லை. இனி, "எங்களுக்கேன் இந்தக் கரைச்சல், வேண்டாம் பிள்ளை" எண்டு சொல்லி இன்னும் எத்தனை பேர் விலகுவார்கள்? களவு எடுப்பவன் காசை வேறு வழியில் ஒளிப்பான். பயந்து விலகுவது நேர்மையான மனிதர்தான்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: சந்தேகம் இல்லாமல் எல்லாருடைய கணக்கையும் அலசும் பிரிவு நீக்கப்பட வேண்டும்.

இரண்டு: அது நீங்கும்வரை, வங்கி அனுப்பும் தகவலை மட்டும் வைத்து ஒருவரின் உதவியை நிறுத்தக் கூடாது. முதலில் அவரைக் கேட்க வேண்டும், அவருக்கு விளங்கும் மொழியில்.

மூன்று: 16,000 பவுண்ஸ் எல்லையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

நான்கு: எத்தனை பேர் பிழையாகச் சிக்கினார்கள் என்ற எண்ணிக்கையை வருடாவருடம் வெளியிட வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். காசை எடுத்து வீட்டில் வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் காசும் சேமிப்புத்தான். உதவிக்காகவே வேறு ஆளின் பெயருக்கு மாற்றினாலும் அது உங்களுடையதாகவே கணக்கில் எடுக்கப்படலாம். பெனிபிட் வரும் கணக்கில் சீட்டுக் காசையோ மற்றவர் காசையோ கலக்காதீர்கள். ஊருக்குப் போகுமுன் அறிவியுங்கள். வந்த கடிதத்தைத் திறக்காமல் மேசையில் போடாதீர்கள். முடிவு பிழையென்றால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸில் இலவசமாக உதவி கிடைக்கும். ஆங்கிலம் தடையென்றால் எங்கள் கிளைக்கு வாருங்கள், கூட இருந்து எழுதித் தருகிறோம்.

முக்கியமானது, உரிமையுள்ள உதவியைப் பயத்தால் கைவிடாதீர்கள். அது பிச்சை இல்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் வரி கட்டிக் காப்பாற்றுகிற பொதுப் பாதுகாப்பு. உங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு கடிதத்தை ஒதுக்கி வைக்கலாம், ஆயிரம் கடிதத்தை ஒதுக்க முடியாது.