எப்படிக் குடிக்கிறது என்று கேட்டோம், என்ன குடிக்கிறோம் என்று கேட்கவில்லை

(ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கடன், சேமிப்பு, திருப்பிச் செலுத்துவது பற்றியெல்லாம் முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் என் தைராய்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எனக்குத் தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து ஆறு வருசம் ஆகிறது. தினமும் காலையில் ஒரு மாத்திரை. போன வருசம் எங்க குழுக் கூட்டத்துக்கு ஒரு அம்மா பையோடு வந்தாங்க. "தைராய்டுக்குச் சொட்டு மருந்து, முழுக்க இயற்கை, மாத்திரையை விட்டுடலாம்"னு சொன்னாங்க. பாட்டில் 900 ரூபாய். நாங்க மூணு பேர் உள்கடன் எடுத்து வாங்கினோம்.

அன்னைக்கு எங்களுக்கு இருந்த சந்தேகம் ஒண்ணே ஒண்ணுதான். எப்படிக் குடிக்கிறது? நாக்குக்கு அடியில் விடணுமா, தண்ணியில் கலக்கணுமா, மோரில் விடலாமா? உள்ளே என்ன இருக்குன்னு ஒருத்தியும் கேக்கல. ஊக்குநரான நானே கேக்கல.

ரெண்டு மாசத்தில் முகம் ஊதிப்போச்சு, முடி கொட்டுச்சு, எழுந்து வாசல் பெருக்கத் தெம்பில்லை. வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா எங்க மூணு பேரில் ஒரு தங்கச்சி அப்போது மூணு மாசக் கர்ப்பம். அவளும் மாத்திரையை நிறுத்தியிருந்தாள், என் பேச்சை நம்பி. வீட்டுக்கு வந்த நர்ஸம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராய்டு சுரப்புதான் கைகொடுக்கும் என்று அவங்க சொன்னப்போ எனக்குக் கை கால் நடுங்கிடுச்சு. உடனே ரத்தப் பரிசோதனை, மறுபடி மாத்திரை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்தச் சில வாரங்கள் நான் தூங்கவில்லை.

பாட்டிலை நர்ஸம்மா திருப்பிக் காட்டினாங்க. பொடி எழுத்தில், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று போட்டிருந்தது. உணவுத் துணைப்பொருள் என்றால் அப்படித்தான் போடணுமாம். உள்ளே இருந்தது பெரும்பாலும் அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. அயோடின் கலந்த உப்பு போட்டுச் சமைக்கிற வீட்டில் பெரும்பாலும் அதுவே போதும். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் சிலருக்குத் தைராய்டு இன்னும் கெட்டுப்போகும். அயோடின் வேறு, தைராய்டு சுரப்பு வேறு. நம்ம மாத்திரை தருவது அந்தச் சுரப்பை. அதை எந்தச் சொட்டும் ஈடுகட்டாது.

அப்போ மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது? அதையும் நான் தப்பாகத்தான் செய்துவந்தேன். காப்பியோடு முழுங்குவேன்! சொல்றேன், கேட்டுக்கங்க:

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் முழுங்கணும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி, டீ, டிபன் எல்லாம்.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விடணும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் ஒட்டாது. கர்ப்பிணிகள் இதை மறக்கவே கூடாது.

டாக்டர் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லணும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். நாமாக நிறுத்தக் கூடாது.

மாத்திரையை அடுப்பு மேடையில் வைக்காதீங்க. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்க.

அதுக்கப்புறம் எங்க குழுவில் தீர்மானம் போட்டோம். கூட்டத்தில் யாரும் மருந்து, டானிக், சொட்டு விற்கக் கூடாது. எதை வாங்கினாலும் முதலில் நர்ஸம்மாகிட்ட பாட்டிலைக் காட்டணும். தீர்மானப் புத்தகத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. உள்கடனை நான் கட்டிவிட்டேன். என் பேச்சை நம்பிய அந்தத் தங்கச்சிக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. இன்னைக்கு இங்கே பேசியது அதில் ஒரு தவணை.