கூட நடந்து வந்தவள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்.

போன வருஷ விழாவுக்கு வாசலில் பெரிய கோலம் போட்டாளே, அவள் என் சிநேகிதி. இன்றைக்கு அவள் இல்லை. அவள் அம்மா கேட்டுக்கிட்டதால் பேரைச் சொல்லவில்லை.

நாங்க ரெண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பெஞ்ச். ஹைஸ்கூலுக்குக் கண்மாய்க்கரை வழியா 3 கிலோமீட்டர் நடக்கணும். எனக்குக் கணக்கு வராது, அவள்தான் சொல்லித் தருவாள். இன்றைக்கு நான் குழுவின் கணக்கு நோட்டு எழுதுகிறேன் என்றால் அது அவள் சொல்லித் தந்தது.

எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலேயே நான் வயசுக்கு வந்துட்டேன். பாவாடையில் கறை. அழுதுக்கிட்டு நின்னேன். அவள் தன் பையை என் பின்னாடி மறைச்சுப் பிடிச்சுக்கிட்டு, 3 கிலோமீட்டரும் என்னை ஒட்டியே நடந்து வந்தாள். "யாருக்கும் தெரியலடி, நேராப் பாத்து நட"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாள்.

பிறகு பக்கத்துப் பக்கத்து ஊரில் எங்களைக் கட்டிக் கொடுத்தாங்க. கூட்டமைப்புக் கூட்டத்தில்தான் பார்த்துக்குவோம். ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டம் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கும்போது காதோரமா சொன்னாள்: "தீட்டு நின்ன பிறகும் இடையில படுதுடி. வீட்டுக்காரரோட சேர்ந்தாலும் படுது. வெள்ளையும் நாத்தமாப் போகுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உடம்புச் சூடுடி, வெந்தயத்தை மோர்ல ஊறவச்சுக் குடி." பஸ் வந்தது, ஏறிட்டேன். அதுக்கப்புறம் நான் கேட்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை.

போன வருஷம் கோலம் போட்டு முடிச்சதும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாள். அடுத்த மாசம் பெரியாஸ்பத்திரியில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முத்திப் போச்சு என்று சொன்னாங்க. கரண்ட் வச்சாங்க, மருந்து ஏத்தினாங்க. 36 வயசில் போய்ச் சேர்ந்துட்டாள். ரெண்டும் பொம்பளைப் பிள்ளைங்க.

படுத்திருந்தப்போ, "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி"ன்னு அழுதேன். "உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விடு"ன்னாள். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "மூத்தவளுக்கு உன்னை மாதிரியே கணக்கு வரல"ன்னாள்.

அவள் போன பிறகு எங்க ஊர் நர்சம்மாகிட்டப் போய் எல்லாம் கேட்டேன். ஒரு வகை வைரஸ் கிருமியால் இந்த நோய் வருதாம். புற்றுநோயாக மாற வருஷக்கணக்கில் ஆகுமாம். அதற்குள் கண்டுபிடிச்சால் குணமாக்கிடலாம். 30 வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குச் சோதனை உண்டு. காசு கிடையாது. கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு தண்ணியைத் தடவிப் பார்ப்பாங்க. வெள்ளையாகத் தெரிஞ்சால் மேல் சோதனைக்கு அனுப்புவாங்க. அப்படித் தெரிஞ்சாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. சில நிமிஷம்தான் ஆகும். கொஞ்சம் கூச்சமா இருக்கும், அவ்வளவுதான். எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களும் பார்த்துக்கணும். பொம்பளைப் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயசுக்குள் போடுற தடுப்பூசியும் இருக்கு. அதையும் நர்சம்மாகிட்டக் கேளுங்க.

எங்க குழுவில் 12 பேர். 9 பேர் ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பார்த்துட்டு வந்தோம். ஒருத்தரை மேல் சோதனைக்கு அனுப்பினாங்க. வைத்தியம் பார்த்து இப்போ நல்லா இருக்காங்க. மீதி 3 பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.

கடன் தவணையைப் பற்றி மாசாமாசம் கேட்கிறோம். உடம்பைப் பற்றியும் கேட்போம். யாராவது காதோரமா "இடையில படுது"ன்னு சொன்னால், சூடு என்று சொல்லிட்டு பஸ் ஏறிடாதீங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் அவங்களோட கூட நடந்து போங்க.